ஏழு விநாடி இடைவெளி

2008 ஜனவரி 17, வியாழக்கிழமை. பெய்ஜிங்கிலிருந்து பத்தரை மணி நேரம் பறந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 38, லண்டன் ஹீத்ரோவின் தெற்கு ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. போயிங் 777 ரகம். உள்ளே 136 பயணிகள், 16 பணியாளர்கள். சக்கரங்கள் இறங்கிவிட்டன. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்புகள் 30 பாகைக்கு விரிந்துவிட்டன. தலைமை விமானி பீட்டர் பர்கில், ஏற்கெனவே பேசிக்கொண்டபடி, விமானத்தைத் தரையிறக்கும் பொறுப்பைத் துணை விமானி ஜான் கவர்டிடம் ஒப்படைத்திருந்தார். எல்லாம் வழக்கம்போல.

720 அடி உயரத்தில் வலப்பக்க என்ஜினின் விசை குறைந்தது. ஏழு விநாடி கழித்து இடப்பக்க என்ஜினும் அப்படியே ஆனது. இன்னும் விசை வேண்டும் என்று தானியங்கிக் கருவி கேட்டது. விமானிகள் கையாலேயே நெம்புகோல்களை முன்னே தள்ளினார்கள். என்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் கேட்டதைக் கொடுக்கவில்லை. 135 நாட் அளவில் இருக்க வேண்டிய வேகம், 200 அடி உயரத்துக்கு வந்தபோது 108 ஆகச் சரிந்திருந்தது. விமானம் நின்றுபோய்க் கல்லாக விழப்போகிறது என்பதை எச்சரிக்க விமானியின் பிடிக்கோல் தானாக நடுங்கத் தொடங்கியது. இதற்கு நடுவே பர்கில் ஒரு காரியம் செய்தார். ஃபிளாப் நெம்புகோலை 30-லிருந்து 25-க்கு மாற்றினார். பிறகு அபாய அழைப்பு விடுத்தார். அடுத்த மூன்று விநாடிகளில் விமானம் தரையில் மோதியது.

ஓடுபாதை தொடங்குவதற்கு 330 மீட்டர் முன்னால், நிலைய வேலிக்கு உட்புறம் இருந்த புல்தரையில் அது விழுந்தது. ஈர மண்ணைக் கிழித்துக்கொண்டு 372 மீட்டர் சறுக்கியது. வலப்பக்கச் சக்கரத் தொகுதி பிய்ந்து போனது. இடப்பக்கத் தொகுதி இறக்கையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது. எரிபொருள் கொட்டியது, தீப்பிடிக்கவில்லை. ஒரு பயணிக்குக் கால் முறிந்தது, மற்றவர்களில் சிலருக்குச் சிறு காயங்கள். 152 பேரும் உயிருடன் வெளியே வந்தார்கள். 1995 முதல் பறந்துவந்த 777 ரகத்தில், பழுதுபார்க்க முடியாத அளவுக்குச் சிதைந்த முதல் விமானம் அதுதான். நேரம் பகல் 12.42. அன்று மாலைக்குள் உலகத்து விமானிகள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விபத்து நடந்த மறுகணமே விமானிகள் ஊகிக்கத் தொடங்குவதை வெறும் வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. மறுநாள் காலை அதே ரக விமானத்தில், அதே என்ஜின்களோடு, அதே குளிர்ந்த வான்வழியில் ஏறி உட்கார வேண்டியவர்கள் அவர்கள். "நாளைக்கு எனக்கு இது நடந்தால்?" என்ற கேள்வி அவர்களைத் தூங்கவிடாது. விசாரணை அறிக்கை வர இரண்டு வருடம் ஆகும். அடுத்த பயணம் பன்னிரண்டு மணி நேரத்தில். அந்த இடைவெளியை ஊகம்தான் நிரப்புகிறது.

ஹீத்ரோ விபத்தில் அந்த ஊகத்துக்குத் தீனி நிறையவே இருந்தது. ஒரு என்ஜின் பழுதாவது விமானிக்குப் புதிதல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள். இரண்டு என்ஜின்களும் ஏழு விநாடி இடைவெளியில் ஒரே மாதிரி சோர்ந்துபோவது அந்தப் பாடத்தில் இல்லை. இரண்டு என்ஜின் விமானங்கள் கடலையும் துருவப் பனியையும் கடந்து பறக்க அனுமதி பெற்றதே ஒரு கணக்கின் மேல்தான். ஒன்று நின்றால் மற்றொன்று கொண்டுபோய்ச் சேர்க்கும்; இரண்டும் தனித்தனிக் காரணங்களால் ஒரே நேரத்தில் நிற்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரு காலத்தில் இரட்டை என்ஜின் விமானங்கள் பக்கத்து விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரப் பறப்புத் தூரத்துக்குள்ளேயே போக வேண்டும் என்ற விதி இருந்தது. 777 சேவைக்கு வந்தபோதே அதற்கு மூன்று மணி நேரம் வரை அனுமதி கிடைத்தது. தனித்தனி எரிபொருள் பம்புகள், தனித்தனிக் கணினிகள், தனித்தனிக் குழாய்கள் என்று எல்லாவற்றையும் பிரித்து வைத்ததன் பலன் அது.

ஆக, விவரம் தெரிந்த விமானிகள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்: இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. பொதுவானது எது என்பதில்தான் சண்டை.

முதல் சந்தேகம், எரிபொருள் தீர்ந்துவிட்டது என்பது. நீண்ட பயணத்தின் கடைசியில் இரண்டு என்ஜின்களும் துவண்டால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். ஆனால் தொட்டிகளில் சுமார் 10,500 கிலோ மிச்சம் இருந்தது. அந்த ஊகம் ஒரே நாளில் செத்தது. பறவை மோதியதா? தடயம் இல்லை.

அடுத்தது இன்றைக்கும் சிலர் விடாமல் சொல்லும் கதை. அந்த நேரத்தில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் சீனப் பயணத்துக்காக ஹீத்ரோவுக்கு வந்துகொண்டிருந்தார். அவருடைய வாகன அணி விமான நிலையத்தை நெருங்கியிருந்தது. பெரிய தலைவர்களின் வண்டிகளில் வெடிகுண்டுக் கருவிகளை முடக்க ரேடியோ அலைகளைக் கிளப்பும் சாதனம் இருக்கும். அது என்ஜின் கணினிகளைக் குழப்பிவிட்டது என்றார்கள். கேட்கக் கச்சிதமாக இருந்தது. இரண்டு என்ஜின்களும் ஏன் ஒன்றாகப் பாதிக்கப்பட்டன, ஏன் தரைக்கு அருகில், ஏன் அன்றைக்கு என்ற மூன்று கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடும் ஊகம் அது. கணினி மென்பொருளில் கோளாறு என்ற கட்சியும் கிட்டத்தட்ட இதே தர்க்கத்தில் நின்றது.

இந்த இரண்டையும் சாய்த்தது கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருந்த ஒரே ஒரு விவரம். என்ஜினுக்குப் போகும் எரிபொருளை அளந்து விடும் வால்வுகள், இரண்டு என்ஜின்களிலும், முழுக்கத் திறந்திருந்தன. கணினிகள் குழம்பியிருந்தால் வால்வு திறந்திருக்காது. "இன்னும் கொடு" என்ற உத்தரவு சரியாகப் போயிருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது, உள்ளே வர வேண்டியது வரவில்லை. குறை உத்தரவில் இல்லை, வரத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ரேடியோ அலைக்கும் மென்பொருளுக்கும் வேலையே இல்லை.

பிறகு எரிபொருளின் தரம். ஜெட் எரிபொருள் என்பது அடிப்படையில் நன்கு சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். கடும் குளிரில் அது மெழுகுபோல் கட்டியாகும். அந்த விமானம் யூரல் மலைத்தொடருக்கும் கிழக்கு ஸ்காண்டிநேவியாவுக்கும் நடுவே மைனஸ் 76 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்த காற்றைக் கடந்து வந்திருந்தது. அப்படியானால் எரிபொருள் உறைந்துவிட்டதா? தொட்டிக்குள் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 34. எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது அது உறையும் புள்ளி மைனஸ் 57 என்று தெரிந்தது. இடைவெளி தாராளம். மாசும் இல்லை.

தொட்டிகளைத் துழாவியபோது வேறு சில பொருட்கள் கிடைத்தன. தொட்டிக்குள் எப்போதோ வேலை பார்த்தவர்கள் மறந்து விட்டுப்போன சிவப்புப் பிளாஸ்டிக் சுரண்டி ஒன்று, பூச்சுப் பசையை வழிக்கப் பயன்படுவது, வலப்பக்கத் தொட்டியில் கிடந்தது. டேப் துண்டும் காகிதத் துண்டும்கூட. வேறொரு விசாரணையாக இருந்தால் அந்தச் சுரண்டியைத் தூக்கிப் பிடித்து "இதோ குற்றவாளி" என்று சொல்லிவிடத் தோன்றும். ஃபார்ன்பரோவில் இயங்கும் பிரிட்டிஷ் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு அதைச் செய்யவில்லை. ஒரு பக்கத் தொட்டியில் கிடந்த சுரண்டி இரண்டு பக்க என்ஜின்களையும் எப்படி முடக்கும் என்ற எளிய கேள்வியைக் கேட்டு அதை ஓரமாக வைத்தது.

தண்ணீர் என்று சொன்ன விமானிகளும் இருந்தார்கள். எரிபொருளில் எப்போதும் கொஞ்சம் நீர் கலந்திருக்கும். அது உறைந்து பனிக்கட்டியாகும் என்பது 1950-களிலிருந்தே தெரிந்த சங்கதி. ராணுவ விமான எரிபொருளில் அதைத் தடுக்க ஒரு வேதிப்பொருளைக் கலப்பதும் அதனால்தான். ஆனால் இந்தக் கட்சிக்கு எதிரே ஒரு பலமான தடை நின்றது. பனிக்கட்டி வந்தால் வடிகட்டியில்தான் அடையும். வடிகட்டி அடைத்தால் விமானி அறையில் எச்சரிக்கை வரும். அன்று எந்த எச்சரிக்கையும் வரவில்லை. போதாததற்கு, வடிகட்டிக்கு முன்னாலேயே எரிபொருளைச் சூடாக்கும் கருவி இருக்கிறது. பனிக்கட்டி அங்கேயே உருகிவிட வேண்டும். சரியான திசையில் போன ஊகம், தவறான வீட்டுக் கதவைத் தட்டி, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

ஊகங்கள் இயந்திரங்களோடு நிற்கவில்லை. விபத்துக்கு மறுநாள் பத்திரிகையாளர்கள் முன் வந்த பர்கில், விமானத்தை இறக்கியவர் துணை விமானி கவர்டுதான், அவர் அபாரமாகச் செய்தார் என்று பாராட்டினார். பெருந்தன்மையான பேச்சு. அதுவே அவருக்கு வினையாக முடிந்தது. அப்படியென்றால் தலைமை விமானி என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார்கள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்துவிட்டார் என்று சக பணியாளர்களிடையே பேச்சு பரவியதாக அவரே பின்னாளில் எழுதினார். 2009-ல் வேலையை விட்டார். வேறு நிறுவனங்களில் கதவு திறக்கவில்லை. இயந்திரத்தைப் பற்றிய தவறான ஊகத்தைப் பதிவுகள் திருத்திவிடும். மனிதரைப் பற்றியது அத்தனை சுலபமாகத் திருந்துவதில்லை.

இந்திய வாசகர்கள் இதை மிக அருகில் பார்த்துவிட்டார்கள். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டன் கேட்விக்குக்குக் கிளம்பிய ஏர் இந்தியா 171, மேலெழுந்த சில விநாடிகளில் இரண்டு என்ஜின்களின் விசையையும் இழந்து விழுந்தது. விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தார்கள். ஃபிளாப்பை விரிக்க மறந்தார்கள், பறவை மோதியது, எரிபொருளில் கலப்படம், மின்சாரக் கோளாறு என்று ஒரு மாதம் தொலைக்காட்சித் திரைகளில் ஓய்வு பெற்ற விமானிகள் அடுக்கிக்கொண்டே போனார்கள். ஜூலை 12 அன்று வந்த முதற்கட்ட அறிக்கை, இரண்டு என்ஜின்களுக்கும் எரிபொருளைத் திறந்து மூடும் சுவிட்சுகள் ஒரு விநாடி இடைவெளியில் மூடும் நிலைக்கு மாறியதைச் சொன்னது. ஏன் மூடினாய் என்று ஒரு விமானி கேட்டதையும், நான் மூடவில்லை என்று மற்றவர் சொன்னதையும் பதிவிலிருந்து குறிப்பிட்டது. சுவிட்சு எப்படி, யாரால் மாறியது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஆனால் மறுநாளே பேச்சு இயந்திரத்தை விட்டு விலகி, இறந்துபோன இரண்டு மனிதர்களின் மனநிலையை நோக்கித் திரும்பியது. விமானிகள் சங்கங்கள் அதைக் கண்டித்தது நியாயமே. பதில் சொல்ல அவர்களால் எழுந்து வர முடியாது.

ஊகம் இன்னும் கொடூரமாகும் இடம் ஒன்று உண்டு. அது விமானத்துக்கு உள்ளேயே, பறந்துகொண்டிருக்கும்போதே நடப்பது.

1989 ஜனவரி 8 மாலை ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் மிட்லண்ட் 92 அப்படிப்பட்டது. புத்தம் புதிய போயிங் 737-400. உயரே ஏறும்போது இடப்பக்க என்ஜினின் விசிறி இதழ் ஒன்று உடைந்தது. விமானம் உதறியது, விமானி அறைக்குள் புகை வாடை வந்தது. எந்த என்ஜின்? அவர்கள் பழகியிருந்த முந்தைய ரகத்தில் குளிர்சாதனக் காற்று பெரும்பாலும் வலப்பக்க என்ஜினிலிருந்துதான் வரும். புகை குளிர்சாதன வழியே வந்தால் குற்றவாளி வலப்பக்கம். இப்படி ஓடியது தர்க்கம். புதிய ரகத்தில் காற்று இரண்டு என்ஜின்களிலிருந்தும் வருகிறது என்பது அந்தத் தர்க்கத்துக்குள் நுழையவில்லை. அதிர்வைக் காட்டும் மானி இடப்பக்கத்தைச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அது சின்னஞ்சிறு வட்டம், பழைய விமானங்களில் நம்ப முடியாது என்று பேர் வாங்கிய கருவி.

வலப்பக்க என்ஜினின் விசையைக் குறைத்தார்கள். உதறல் அடங்கியது. புகையும் குறைந்தது. ஊகம் மெய்யானதுபோல் ஆயிற்று. உண்மையில் தானியங்கி விசைக் கட்டுப்பாட்டைத் துண்டித்ததால்தான் உடைந்த என்ஜின் சற்றே அமைதியானது. அது தற்செயல். நல்ல என்ஜினை நிறுத்திவிட்டு, உடைந்த என்ஜினோடு ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கினார்கள். இடப்பக்கம் தீப்பொறி பறப்பதைச் சன்னலோரப் பயணிகள் பார்த்தார்கள். தலைமை விமானியோ ஒலிபெருக்கியில் வலப்பக்கம் என்று சொன்னார். மெத்தப் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாததா என்று பயணிகள் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஓடுபாதைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் மிச்சமிருந்த என்ஜினும் போனது. கெக்வர்த் கிராமத்துக்குப் பக்கத்தில் எம்1 நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1982 ஜூன் 24. லண்டனிலிருந்து பம்பாய், மதராஸ், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து வரை போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9. கோலாலம்பூரிலிருந்து பெர்த் போகும் வழியில், ஜாவாவுக்குத் தெற்கே இரவில் அதன் நான்கு என்ஜின்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. முன்கண்ணாடியில் நீல ஒளி நடனமாடியது. கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் பறந்திருக்கிறார்கள். உலர்ந்த சாம்பலை வானிலை ரேடார் காட்டாது, இருட்டில் கண்ணுக்கும் தெரியாது. தலைமை விமானி எரிக் மூடியும் அவருடைய குழுவினரும் கடைசிவரை காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க முயன்று நேரத்தை வீணாக்கவுமில்லை. என்ஜினை மறுபடி கிளப்பும் படிகளை விடாமல் செய்துகொண்டே 37,000 அடியிலிருந்து இறங்கினார்கள். சாம்பலிலிருந்து வெளியே வந்ததும் என்ஜின்கள் உயிர் பெற்றன. ஜகார்த்தாவில் இறங்கியபோது முன்கண்ணாடி மணற்காகிதத்தால் தேய்த்ததுபோல் மங்கியிருந்தது. காரணம் தெரியாமலே சரியாகச் செயல்பட முடியும் என்பதற்கு அந்த இரவைவிடப் பெரிய சாட்சி விமான வரலாற்றில் அதிகம் இல்லை.

ஹீத்ரோவில் பர்கிலுக்குக் கிடைத்தது அரை நிமிடம். எரிக் மூடிக்கு இருந்த உயரமும் இல்லை, படிப்படியாகச் செய்யப் பட்டியலும் இல்லை.

ஃபார்ன்பரோ விசாரணையாளர்களின் பெரிய சங்கடம், சாட்சி உருகிப்போனதுதான். அவர்கள் சந்தேகித்த பனிக்கட்டி, விமானம் புல்தரையில் கிடந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிப் போயிருக்கும். மிஞ்சியது ஒரு தழும்பு மட்டுமே. உயரழுத்த எரிபொருள் பம்புகளைப் பிரித்தபோது உலோகப் பரப்பில் புதிய அரிப்புத் தடங்கள் தெரிந்தன. பம்புக்குப் போதிய திரவம் வராதபோது உள்ளே குமிழிகள் தோன்றி உடைந்து உலோகத்தைக் கொத்தும். தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டாரைப் போட்டால் அது அலறுமே, அதன் எழுத்து வடிவம். ஆகவே பம்புக்கு முன்னால் எங்கோ அடைப்பு. இரண்டு என்ஜின்களிலும்.

பம்புக்கு முன்னால் வடிகட்டி. வடிகட்டிக்கு முன்னால் அந்தச் சூடேற்றும் கருவி. என்ஜினின் சூடான எண்ணெயைக் குளிர்வித்து, அதே வெப்பத்தால் எரிபொருளைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றி அது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். உள்ளே 1,180 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அதன் முகத்தைப் பார்த்தால் இடியாப்ப அச்சின் வில்லைதான் நினைவுக்கு வரும். ரோல்ஸ் ராய்ஸ் ட்ரென்ட் 800 வகையில் அந்தக் குழாய்களின் நுனிகள் முகத்தட்டிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தன. தட்டு சூடாக இருக்கும், துருத்திய நுனிகளோ குளிர்ந்த எரிபொருளில் நனைந்து நிற்கும்.

சியாட்டிலில் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் குளிர்ந்த எரிபொருளையும் நீரையும் குழாய்களில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பனிக்கட்டிக்கு ஒரு விசித்திர குணம் இருப்பது அப்போதுதான் புலப்பட்டது. மிகக் கடுங்குளிரில் அது உலர்ந்த துகளாக எரிபொருளோடு போய்விடுகிறது. மைனஸ் 5-க்கும் மைனஸ் 20-க்கும் இடைப்பட்ட வெப்பநிலையிலோ பிசுபிசுப்பாகிறது, எதிலும் ஒட்டிக்கொள்கிறது. ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் தட்டில் ஈர விரல் ஒட்டிக்கொள்வதுபோல.

இனி அந்தப் பயணத்தைத் திரும்பப் பார்த்தால் எல்லாம் இடத்தில் பொருந்துகிறது. பெய்ஜிங்கில் ஏற்றிய எரிபொருளில் இயல்பாகவே அதிகபட்சம் 5 லிட்டர் அளவுக்கு நீர் கலந்திருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். விதிகள் அனுமதிக்கும் அளவுக்குள்தான். பத்து மணி நேரம் விமானம் மிக மென்மையாக ஓட்டப்பட்டது. உயரம் கூட்டியபோதுகூட மெதுவாக, என்ஜினை அதட்டாமல் கூட்டினார்கள். எரிபொருள் குறைந்த வேகத்திலேயே ஓடியது. என்ஜினுக்கு எரிபொருள் கொண்டுவரும் குழாய்களின் உட்சுவரில் பிசுபிசுத்த பனி மெல்ல மெல்லப் படிந்தது. லண்டனை நெருங்கி, கடைசி நிமிடத்தில் தானியங்கி "விசை கொடு" என்று கேட்டபோது எரிபொருள் சட்டென்று வேகமாக ஓடியது. படிந்திருந்த பனி மொத்தமாகப் பெயர்ந்து வந்து 1,180 வாய்களையும் அப்பிக்கொண்டது. அப்படித் திடீரென்று செறிவாக வந்தால் 25 மில்லிலிட்டர் நீரின் பனிக்கட்டியே போதும் என்று சோதனைகள் காட்டின. ஒரு சின்ன மருந்துக் குப்பி அளவு. வடிகட்டி அடைக்கவில்லை, அதனால்தான் எச்சரிக்கை வரவில்லை. எரிபொருளைச் சூடாக்கிக் காப்பாற்ற வேண்டிய கருவியே வாயை மூடிக்கொண்டது.

இரண்டு என்ஜின்களும் தனித்தனியாகத்தான் பழுதாயின. ஆனால் ஒரே எரிபொருள், ஒரே குளிர், ஒரே பயணம், ஒரே வடிவக் கருவி. இரட்டை என்ஜின் கணக்கு கவனிக்கத் தவறிய பொதுவான ஒன்று அதுதான். தரச் சான்று விதிகள் எதையும் அந்தக் கருவி மீறவில்லை. இப்படி ஓர் ஆபத்து இருப்பதே விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது வானத்திலும் நடக்குமா என்று கேட்க இடமிருந்தது. 2008 நவம்பர் 26-ல் அதற்கு விடை வந்தது. ஷாங்காயிலிருந்து அட்லான்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த டெல்டா 18, அதே 777, அதே என்ஜின் வகை, மொன்டானா மாநிலத்துக்கு மேலே 39,000 அடியில் வலப்பக்க என்ஜினின் விசையை இழந்தது. இந்தமுறை உயரம் இருந்தது, நேரம் இருந்தது, கையில் ஒரு செய்முறையும் இருந்தது. ஹீத்ரோ விபத்தின் இடைக்கால அறிக்கைக்குப் பிறகு விமானிகளுக்குத் தரப்பட்டது அது. கேட்டால் தலைகீழாகத் தோன்றும்: விசை போனால் நெம்புகோலை முன்னே தள்ளாதே, பின்னே இழு. எரிபொருள் ஓட்டம் குறைந்தால் சூடான எண்ணெய்க்குப் பனியை உருக்க அவகாசம் கிடைக்கும். விமானிகள் கீழே இறங்கி, சொன்னபடி செய்தார்கள். என்ஜின் மீண்டது. அந்த விமானத்தின் பதிவுகள் அடைப்பு வெப்பப் பரிமாற்றியில்தான் என்பதைப் பெரிய அளவுக்கு உறுதிப்படுத்தின. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2009 மார்ச்சில் கருவியை மாற்றியமைக்கச் சொல்லி அவசரப் பரிந்துரை வெளியிட்டது. ரோல்ஸ் ராய்ஸ் குழாய் நுனிகளை முகத்தட்டோடு சமமாக்கியது. நாலு மில்லிமீட்டர். உலகமெங்கும் அந்த வகை என்ஜின்களில் கருவி மாற்றப்பட்டது.

2010 பிப்ரவரியில் இறுதி அறிக்கை வந்தது. ஒரு பெரிய உண்மையை அது மிக அடக்கமான சொற்களில் சொன்னது: பனிக்கட்டிதான் பெரும்பாலும் காரணம். "பெரும்பாலும்" என்பதை விசாரணையாளர்கள் கைவிடவில்லை. உருகிப்போன சாட்சியைப் பார்த்ததாக அவர்கள் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. இரண்டு வருடம் அந்தச் சொல் இல்லாமல் பேசிய எத்தனையோ குரல்களுக்கு நடுவில் அது தனித்துத் தெரிகிறது.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. விமானம் விழுந்துகொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் ஃபிளாப் நெம்புகோலை 30-லிருந்து 25-க்கு மாற்றியதால் என்ன ஆயிற்று என்று விசாரணையாளர்கள் கணித்துப் பார்த்தார்கள். காற்றின் இழுப்பு குறைந்தது. விமானம் சுமார் 50 மீட்டர் கூடுதலாகப் பறந்தது. மாற்றாமல் விட்டிருந்தாலும் வேலிக்குள்ளேதான் விழுந்திருக்கும். ஆனால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். ஆன்டெனா வரிசைக்குச் சற்று முன்னால், அதன் மேலேயே போய்ச் சறுக்கும்படி விழுந்திருக்கும். அந்த நெம்புகோலை நகர்த்திய கை, எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததாகப் பேசப்பட்ட தலைமை விமானியுடையது. அதே 2010-ல் பர்கில் தம் பழைய நிறுவனத்துக்கே விமானியாகத் திரும்பினார்.